மோதிரத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள்

டீசல் பேருந்தில் இருபது வருடம் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர், மின்பேருந்துப் பயிற்சி வகுப்பின் முதல் நாளே பேட்டரிப் பெட்டியைத் திறக்கக் கை நீட்டினார். விரலில் மோதிரம், மணிக்கட்டில் செம்புக் காப்பு. நான் சத்தம் போட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அவர் மேல் தப்பே இல்லை. 24 வோல்ட்டில் பழகிய கை அது. எதிரே இருந்ததோ 600 வோல்ட் டிசி மின்சாரம்.

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் கிளம்பின. ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்தும் கிளம்பின. புகை இல்லை, இரைச்சல் இல்லை, தாழ்தளம் என்பதால் சக்கர நாற்காலியோடும் ஏறலாம். எனக்கு மனதார மகிழ்ச்சி. என் கவலையெல்லாம் இதில் கை வைக்கப்போகிறவர்களைப் பற்றித்தான்.

மின்பேருந்தில் உயர் அழுத்த மின்சாரம் போகும் கேபிள்களுக்கு ஆரஞ்சு உறை போட்டிருப்பார்கள். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் அதைத் தொடலாம் என்று நினைக்காதீர்கள். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் டிஸ்கனெக்ட் என்ற செருகியைக் கழற்ற வேண்டும். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டரில் தங்கியது வடியும்வரை, தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். மீட்டர் வைத்துப் பார்த்து, மின்னழுத்தம் இல்லை என்று உறுதியான அப்புறம்தான் கை வைக்கலாம். அப்போதும் பேட்டரிக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

ரப்பர் கையுறையை மாட்டுவதற்கு முன், அதன் வாயைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்துக் கன்னத்தருகே பிடியுங்கள். ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் காற்று படும். அரை நிமிட வேலை. அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

ஓட்டுநர்களுக்கு வேறு பாடம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தன் வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். முன்கூட்டியே காலைத் தளர்த்தப் பழகியவரின் வண்டியில் மாலையில் சார்ஜ் மிச்சம் இருக்கும். கடைசி நொடியில் பிரேக்கை மிதிப்பவருக்கு இருக்காது. சத்தமில்லாத வண்டி என்பதால் பேருந்து நிலையத்துக்குள் நுழையும்போது மக்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதையும் ஓட்டுநர்தான் கவனிக்க வேண்டும்.

பணிமனையின் மின் இணைப்பும் சாதாரண விஷயமில்லை. 120 கிலோவாட் வீதம் 100 வண்டிகளை ஒரே நேரத்தில் செருகினால் 12 மெகாவாட். அதனால் இரவு முழுவதும் முறை வைத்துத்தான் சார்ஜ் போட வேண்டும்.

சென்னையில் ஓட்டுநரும் பராமரிப்பும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு, நடத்துநர் மட்டும் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தவர். இந்த முறையில், எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் கழகத்தின் பழைய மெக்கானிக்குகள் ஒதுக்கப்பட்டுவிடக் கூடாது. அவர்களுக்கான பயிற்சியையும் நிர்வாகங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.

வகுப்பின் கடைசி நாள் அந்த மெக்கானிக் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். மோதிரத்தையும் காப்பையும் கழற்றி டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடினார். கையுறையைச் சுருட்டிக் கன்னத்தருகே வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பையனையும் அப்படியே செய்யச் சொன்னார்.