குவயர், கோரஸ், சேர்ந்திசை

நாங்கள் எட்டுப் பேர். பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், வெறும் குரல்களை வைத்தே ஐந்து பாடல்களைப் பாடிப் பதிவு செய்தோம். எல்லாம் முடிந்தபிறகு அட்டை வடிவமைத்தவர் போனில் கேட்டார்: "தலைப்புக்குக் கீழே என்ன போடட்டும் சார், குவயரா, கோரஸா?" ஆளுக்கு ஒன்று சொன்னோம். அந்த ஒரு வரிக்காகத் தேடியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சென்னையில் இந்த இரண்டு சொற்களும் வேறு வேறு தெருக்களில் வாழ்கின்றன. தேவாலயத்தில் பாடுகிறவர்களைக் கேட்டால் "குவயர் பிராக்டிஸ் இருக்கு" என்பார்கள். கோடம்பாக்கத்தில் கோரஸ் என்றால் பாடகருக்குப் பின்னால் ஹம்மிங் கொடுக்கும் குழு. பள்ளிக்கூடத்திலோ, பிள்ளைகள் ஒரே குரலில் வணக்கம் சொன்னால் அது "கோரஸாக" சொன்னது. ஆனால் இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் பிள்ளைகள். மூலச் சொல் 'கோரோஸ்'. அதற்கு முதற்பொருள் பாட்டு அல்ல, ஆட்டம். ஆடிக்கொண்டே பாடும் கூட்டத்துக்கும் அதுவே பெயர். பழைய கிரேக்க நாடகங்களில் அந்தக் கூட்டம் ஆடிய தரைக்குப் பெயர் 'ஆர்கெஸ்ட்ரா', அதாவது ஆடுகளம். இன்று அந்தச் சொல்லுக்கு வாத்தியக் குழு என்று பொருள் வந்துவிட்டது.

கோரோஸ் லத்தீனுக்குப் போய் தேவாலயத்துக்குள் நுழைந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வரும்போது ஒலி நிறைய மாறியிருந்தது. 17ஆம் நூற்றாண்டில் எழுத்தை மட்டும் லத்தீனைப் பார்த்துத் திருத்தினார்கள், உச்சரிப்பைத் தொடவில்லை. அதனால் எழுத்தை நம்பி 'கொயர்' என்று படிப்பதைவிட, காதால் கேட்டுப் பழகியவர்கள் சொல்லும் 'குவயர்' ஆங்கில உச்சரிப்புக்கு நெருக்கமானது.

சரி, தமிழில்? சர்ச்சில் 'பாடகர் குழு' என்ற சொல் நன்றாகவே புழங்குகிறது. ஆனால் அது ஆட்களைச் சொல்கிறது, இசையைச் சொல்லவில்லை. ஒரு நண்பர் 'பல்லியம்' என்றார். அழகான பழஞ்சொல்தான், திருமுருகாற்றுப்படையிலேயே 'குறும்பல்லியத்தன்' வருகிறது. ஆனால் இயம் என்றால் வாத்தியம். பல்லியம் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பொருந்தும், எங்களுக்குப் பொருந்தாது.

'கோஷ்டி கானம்' என்றும் ஒரு யோசனை வந்தது. திருவல்லிக்கேணியில் பிரபந்த கோஷ்டி போகும்போது கேட்டிருப்பீர்கள், திருவையாற்றில் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானோர் பாடுவதையும் கேட்டிருப்பீர்கள். எத்தனை பேர் பாடினாலும் மெட்டின் பாதை ஒன்றுதான். குவயர் இசையில் பாதைகள் பல. சோப்ரானோ என்ற உச்சக் குரல் மேலே ஒரு வழியில் போகும், பேஸ் என்ற தாழ்ந்த குரல் கீழே வேறு வழியில் நடக்கும், எல்லாம் சேர்ந்துதான் ஒரு பாட்டு.

இன்றைய குவயர் பாடல்களில் இது இன்னும் கூர்மையானது. சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் எங்கள் பதிவு. ஏசி சத்தம் மைக்கில் விழும் என்று நிறுத்திவிட்டார்கள். அரைவட்டமாக நின்றோம், சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. ஓரிடத்தில் நான் ஒரு ஸ்வரத்தை 'ம்' என்று பிடித்திருக்க, பக்கத்தில் நின்றவர் அதற்கு அடுத்த ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த என் காதுக்கு முதலில் அது அபஸ்வரமாகத்தான் பட்டது. நான்கைந்து முறை பாடியபிறகு, இரண்டு குரல்களும் உரசும் இடத்தில் ஓர் அதிர்வு எழுவது காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் தெரிந்தது. அவர் குரலை நிறுத்தியதும் என் ஸ்வரம் வெறுமையாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் 'சேர்ந்திசை' என்ற சொல் எனக்கு முழுதாகப் புரிந்தது. சென்னையில் இந்தச் சொல்லைக் கேட்டாலே இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் நினைவுக்கு வருவார். மெட்ராஸ் யூத் குவயரைத் தொடங்கி, பாரதி பாடல்களைப் பல குரல்களுக்குப் பிரித்து அமைத்து, 1988இல் மறையும்வரை அதைத் தொடர்ந்து செய்தவர். மேற்கத்திய முறையில் இங்கே 1893 முதல் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற குழு பாடிவருகிறது. அந்த முறையைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்ததில் சீனிவாசனின் பங்கு பெரியது.

சொல்லின் இலக்கணம் பற்றி ஒரு முணுமுணுப்பு உண்டு. 'சேர்ந்து' வினையெச்சம், அதன்பின் வினைதானே வர வேண்டும், 'இசை' என்ற பெயர் எப்படி வரும் என்பார்கள். இசை வினையடியும்கூட. இசைத்தல் என்றால் பாடுதல், ஒலித்தல். இசைதல் என்றால் ஒத்துப்போதல். 'இசைவு தெரிவித்தார்' என்கிறோமே, அதே வேர். முதனிலைத் தொழிற்பெயராக, அதாவது வினையடியே பெயராக நிற்பதாகக் கொண்டால் சேர்ந்திசைக்குச் சேர்ந்து பாடுதல், சேர்ந்து ஒத்துப்போதல் என்று இரண்டு பொருளும் கிடைக்கும். கோரோஸில்கூட இந்தச் செறிவு இல்லை என்பேன்.

ஆட்டம் என்ற பழைய பொருளுக்கு மட்டும் இணை தேடினால் அது நம்மிடம் தனியாக இருக்கிறது: குரவை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் பால் உறையாதது முதலிய தீய குறிகளைக் கண்டு மாதரி குரவை ஆட ஏற்பாடு செய்கிறாள். ஏழு பெண்களை நிறுத்தி அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு ஸ்வரங்களின் பெயரையே வைக்கிறாள். கைகோத்து ஆடிப் பாடுகிறார்கள். ஆளுக்கொரு ஸ்வரம்! இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். (கோரோஸ், குரவை என்ற ஒலி ஒற்றுமையை வைத்து ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று தயவுசெய்து யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

2013இல் இசைக்கான அமெரிக்கப் பரிசான புலிட்சர் எட்டுக் குரல்களுக்கான ஒரு படைப்புக்குக் கிடைத்தது. எழுதியவர் கரோலைன் ஷா, பதிவு செய்தது அவரும் பாடிய ரூம்ஃபுல் ஆஃப் டீத் என்ற சிறு குழு. பேச்சு, கிசுகிசுப்பு, பெருமூச்சு எல்லாமே அதில் இசை. நான்கு பகுதிகளுக்கும் அல்லமாண்ட், சாரபாண்ட், கூராண்ட், பாசகாலியா என்று பழைய ஐரோப்பிய ஆட்டவகைகளின் பெயர்கள். சொல் பிறந்த ஆட்டம் அங்கே பெயரளவிலாவது திரும்பியிருக்கிறது.

குரவையையே போட்டுவிடலாம் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பலருக்குக் கல்யாண வீட்டுக் குலவைதான் நினைவுக்கு வரும். அதனால் அட்டையில் 'எட்டுக் குரல் சேர்ந்திசை' என்று போட்டோம். உள்பக்கத்தில் பாடியவர்களின் பெயர்கள் சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ் என்ற நான்கு குரல்வகைத் தலைப்புகளின் கீழ், இரண்டிரண்டாக இருக்கின்றன. அந்த நான்கையும் தமிழாக்கவில்லை. ஒத்திகையில் நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது அப்படித்தான்.