அறைத்தோழன் காதலனாகும்போது

ஒரே அறையில் தங்கும் இரண்டு ஆண்களுக்கிடையே காதல் வருவது நாம் நினைக்கிற அளவுக்கு அபூர்வம் இல்லை. மனநல ஆலோசனைக்கு என்னிடம் வரும் ஆண் இணைகள் பலரின் கதை இப்படித்தான் தொடங்கியிருக்கிறது. ஆனால் யாரும் "நாங்கள் காதலிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தூக்கம் வரவில்லை, வேலையில் கவனம் நிற்கவில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிறது என்றுதான் வருகிறார்கள். வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் அந்த இன்னொருவரைப் பற்றிய பேச்சு மெதுவாகத்தான் வரும்.

நட்பு காதலாக மாறுவதில் விசித்திரம் எதுவும் இல்லை. டானு ஆந்தனி ஸ்டின்சன் என்ற கனடா நாட்டு உளவியலாளரும் அவர் குழுவினரும் ஏறக்குறைய 1,900 பேரிடம் திரட்டிய தகவல்களை 2021-இல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர், காதலிப்பதற்கு முன் நண்பர்களாக இருந்தவர்கள். பால்புதுமையினரிடையே, அதாவது தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ உள்ளவர்கள், திருநர் போன்றவர்களிடையே, இந்த விகிதம் இன்னும் அதிகம். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. விருப்பத்தை வெளியே சொன்னாலே அவமானமோ அடியோ கிடைக்கலாம் என்ற பயத்தில் வளர்ந்தவருக்கு முதலில் நம்பிக்கை வர வேண்டும். காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தவன், அழுததைப் பார்த்தும் யாரிடமும் சொல்லாதவன், அவன்மேல் அந்த நம்பிக்கை தானாக வந்துவிடுகிறது.

ஆணுக்கு ஆண்மேல் காதல் வருவது நோயோ என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இல்லை. 1957-இல் அமெரிக்க உளவியலாளர் எவலின் ஹுக்கர், தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் எதிர்பாலீர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் உளவியல் சோதனைகள் நடத்தி, யார் எவர் என்று சொல்லாமல் முடிவுகளை நிபுணர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1990-இல் உலகச் சுகாதார நிறுவனமும் நீக்கியது. அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

என் கவலை வேறு. வீடும் காதலும் ஒரே கதவுக்குள் இருக்கின்றன. மற்றவர்கள் காதலைச் சொல்லி, மறுக்கப்பட்டால், தங்கள் வீட்டுக்குப் போய் அழலாம். இவர்கள் அழப் போக வேண்டிய இடமும் அதே அறைதான். அதனால், சொல்லலாமா என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, "அவர் இல்லை என்று சொன்னால் நாலு நாள் எங்கே தங்குவீர்கள்?" என்பதுதான். அதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள். பகலில், இருவரும் நிதானமாக இருக்கும்போது, வாய்விட்டுச் சொல்லுங்கள். குடித்திருக்கும்போது வேண்டாம். அவர் தூங்கும்போது கை போட்டுப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். அது சம்மதம் கேட்பது ஆகாது, அத்துமீறல். "உனக்கு விருப்பமில்லை என்றால் இந்தப் பேச்சை மறுபடி எடுக்க மாட்டேன், அறையை மாற்றிக்கொள்ளவும் தயார்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டால், அவரால் பயமில்லாமல் மறுக்க முடியும்.

இதைக் கேட்கும் இடத்தில் இருப்பவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், தப்பே இல்லை. ஆனால் அவர் உங்களை நம்பிச் சொன்னதை நண்பர்கள் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஒருவரின் பாலீர்ப்பை அவர் அனுமதி இல்லாமல் வெளியே சொன்னால், அவர் குடும்பம், வேலை எல்லாம் ஒரே நாளில் போய்விடக்கூடும்.

சரி, இருவருக்கும் விருப்பம், சேர்ந்துவிட்டார்கள். அப்புறம்தான் மறைத்து வாழும் பாரம் ஏறுகிறது. என்னிடம் வந்த ஓர் இணையைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். பெற்றோர் பார்க்க வரும்போதெல்லாம் முந்தின இரவே கட்டில்களை நகர்த்தி இரண்டு சுவர்களோடு சேர்த்துவிடுவார்கள். தரையில் பதிந்திருந்த கட்டில் கால்களின் தடங்களை மறைக்க ஒரு பாயை விரித்துப் போடுவார்கள். செல்பேசியில் படங்களை அழிப்பார்கள். ஒருநாள் இளையவருக்குக் குடல்வால் அழற்சி வந்து அவசர அறுவை சிகிச்சை. மருத்துவமனைப் படிவத்தில் 'உறவு' என்ற கட்டத்தில் மற்றவர் 'ரூம்மேட்' என்று எழுதினார். "வீட்டு ஆள் யாராவது வரச் சொல்லுங்க" என்று சொல்லி அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளாக அவனோடு குடும்பம் நடத்துகிறவர், அவன் கண் விழித்த செய்தியை அவனுடைய அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான், தூக்கமில்லை என்று.

இலான் மேயர் என்ற ஆய்வாளர் இந்த அழுத்தத்தை 2003-இல் விரிவாக விளக்கினார். வெறுப்பைச் சந்திப்பது மட்டும் அல்ல, சந்திக்க நேருமோ என்று எப்போதும் எதிர்பார்த்திருப்பதும், மறைப்பதும் உடலையும் மனதையும் தேய்க்கின்றன. அதனால்தான் ஒளிந்து வாழும் இணைக்குள் சின்னச் சண்டையும் பெரிதாகிறது. சமாதானம் செய்ய யாரும் இல்லை, சண்டை நடந்ததே யாருக்கும் தெரியாது. ஒருவன் மற்றவனை அடித்தால்கூட அது கதவைத் தாண்டுவதில்லை.

எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று நான் எவரையும் தள்ளுவதில்லை. வீட்டில் ஆபத்து என்றால் மறைப்பதுதான் அப்போதைக்குச் சரி. ஆனால் இருவருக்கும் சேர்த்து விஷயம் தெரிந்த ஒரே ஒருவராவது வேண்டும். அக்காவோ, பழைய நண்பரோ, யாராக இருந்தாலும் சரி. அந்த இணை கடைசியில் அந்த அண்ணனிடமே சொன்னார்கள். அவர் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு தம்பியை விட்டுவிட்டு மற்றவரைத்தான் முதலில் அழைத்தார்.

ஆலோசகரைத் தேடும்போது முதல் அழைப்பிலேயே, "தன்பாலீர்ப்பை மாற்ற முடியும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். மாற்றலாம், முயன்று பார்க்கலாம் என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அப்படிப்பட்ட சிகிச்சை எதுவும் பலித்ததில்லை, கெடுதல்தான் செய்திருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் சரியான ஆலோசகர் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஓர் அவசர உதவி எண்ணை அழையுங்கள், இல்லையென்றால் அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். யாரைக் காதலிக்கிறீர்கள் என்பதை அங்கே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.