கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருகிறீர்களா? மீட்டுகிற கையைக் கவனியுங்கள்

மெல்லிசைக் குழுக்களிலும் சர்ச் பாடகர் குழுக்களிலும் பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்காவிட்டால் இருக்கிற கிட்டார்காரர் தலையில்தான் அது விழும். "நாலு கம்பிதானே, நீயே பாத்துக்கப்பா" என்று கொடுத்துவிடுவார்கள். அப்படி வந்து சேருகிறவர்கள்தான் என் வகுப்பில் அதிகம். இடது கையில் அவர்களுக்குப் பெரிய குழப்பம் இருக்காது. கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளுக்குரிய அதே சுரங்கள்தான் (தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி), ஓர் ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, கீழே. தொந்தரவெல்லாம் மீட்டுகிற கையில்.

வந்தவுடனே அநேகமாக எல்லோரும் செய்வது, கம்பியை விரலால் கொக்கி போட்டு வெளிப்பக்கமாக இழுப்பது. அது திரும்பிப் போய் கழுத்தில் பதித்திருக்கும் உலோகக் கட்டையில் (ஃப்ரெட்) மோதி 'டக்'கென்று கேட்கும். சுரமும் தொடக்கத்தில் கொஞ்சம் ஏறியே ஒலிக்கும். கிட்டாரில் கம்பியின் அதிரும் நீளம் 25.5 அங்குலம் என்றால் வழக்கமான பேஸில் 34 அங்குலம். ஒவ்வொரு கம்பியின் இழுவிசையும் கிட்டார் கம்பியைவிட இரண்டு மடங்குக்கு மேல். இதோடு விரல் மல்லுக்கட்டினால் தோற்பது விரல்தான். சத்தம் போதவில்லையா, ஆம்பில் (ஒலிபெருக்கியில்) வால்யூமைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒத்திகையில் டிரம்ஸ் கொஞ்சம் ஏறியதும் பேஸ்காரர் விரலை முறுக்க ஆரம்பித்துவிடுகிறார்; குமிழைத் திருப்ப ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சரி, எப்படி மீட்டுவது? கட்டைவிரலை, கம்பிகளுக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் விளிம்பில் லேசாக ஊன்றுங்கள். விரல் நுனியின் சதையைக் கம்பிமேல் வைத்து, அடுத்த தடித்த கம்பியை நோக்கித் தள்ளிவிடுங்கள். டி கம்பியை மீட்டிய விரல் ஏ கம்பியில் சாய்ந்து நிற்க வேண்டும். ஈ கம்பிக்கு அடுத்து வேறு கம்பி இல்லை, அங்கே விரல் கட்டைவிரலில் வந்து நிற்கும். அசைவு விரலின் அடிமூட்டிலிருந்து வரட்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

அப்புறம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி. தாளத் தட்டு கொடுக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரே கம்பியில் தட்டுக்கு இரண்டு சுரம் வாசித்து ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். ஒன்று விட்டு ஒன்று கனமாகக் கேட்கும். உடனே மெலிந்த விரலுக்குப் பலம் கொடுக்க வேண்டாம். நடுவிரல் நீளமானது, அதனால் கம்பியைத் தொடும் கோணம் வேறு. இரண்டு நுனிகளும் ஒரே அளவு சதையோடு கம்பியில் படும்வரை கையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அமெரிக்காவின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே வைத்து வாசித்தவர் என்று யாராவது வாதத்துக்கு வருவார்கள். உண்மைதான், அவர் நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் கை பழுத்து வந்தவர்.

மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பிக்கு இறங்கும்போது மட்டும் இந்த மாற்றல் விதியைத் தளர்த்தலாம். ஜி கம்பியை மீட்டிய விரல் ஏற்கெனவே டி கம்பியில்தான் சாய்ந்திருக்கிறது; அதே விரலை இழுத்துவிட்டால் போதும்.

வாசிக்காத கம்பிகளை அடக்குவதும் இந்தக் கையின் வேலைதான். ஏ கம்பிக்குப் போகும்போது கட்டைவிரலும் கூடவே நகர்ந்து ஈ கம்பிமேல் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஈ கம்பி தானாக அதிர்ந்து, மண்டபத்தில் எல்லாம் 'கும்'மென்று கலங்கிவிடும். கிட்டாரில் இது அவ்வளவாக உறுத்தாது, அதனால் பலர் கவனிப்பதே இல்லை.

இனி மணிக்கட்டு. ஸ்ட்ராப்பைத் தொங்கவிட்டு, முன்கையைப் பேஸின் விளிம்பில் அழுத்தி வைத்து, கையைச் செங்குத்தாகக் கீழே மடக்கி வாசிக்கிறார்கள். பார்க்க ஜோராக இருக்கும். மணிக்கட்டு அவ்வளவு மடங்கும்போது அதனுள் ஓடும் நரம்பின்மேல் அழுத்தம் ஏறுகிறது. உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நின்றாலும் அதே உயரத்தில் இருக்கும்படி ஸ்ட்ராப்பைச் சுருக்குங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போவது, இரவில் ஊசி குத்துவதுபோல் இருப்பது தொடர்ந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த கச்சேரிக்குப் போக வேண்டாம்.

ஞாயிறன்றே வாசித்தாக வேண்டும், விரல் இன்னும் பழகவில்லை என்றால் கம்பியை மீட்டும் சின்னத் தகடான பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கிட்டாரிலிருந்து 1963-இல் பேஸுக்கு வந்த கேரல் கே பிக் பிடித்தே லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் கொடிகட்டிப் பறந்தவர். உள்ளங்கை ஓரத்தை, கம்பிகள் உடலில் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கம் லேசாகப் படியவிட்டு, ஈ, ஏ இரண்டு கம்பிகளோடு முதல் பாட்டை முடித்துவிடலாம்.