டேப்லெட்டைத் திருப்பினால் சுற்றும் வட்டம் எங்கே போகிறது?

கோத்தகிரி பக்கம் ஒரு பச்சைத் தேயிலை கொள்முதல் நிலையம். மூட்டை தராசில் ஏறியது, 38 கிலோ. எடை போடும் தம்பி டேப்லெட்டில் பதிந்து 'அனுப்பு' என்பதைத் தட்டினார். வட்டம் சுற்றத் தொடங்கியது. "எவ்வளவு தம்பி வந்திருக்கு?" என்று இலை கொண்டுவந்த அக்கா கேட்க, அவருக்குத் தெரியும்படி டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். படுக்கையாக இருந்த திரை நிமிர்ந்தது. வட்டத்தைக் காணோம். போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தட்டினார். அக்காவின் கணக்கில் 38 கிலோ இரண்டு முறை ஏறிவிட்டது. சாயங்காலம் லாரி எடையோடு கணக்கு ஒத்துப்போகாமல், அந்தத் தம்பிதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தப்பு அவருடையதல்ல. அந்தச் செயலியை எழுதியவன் நான்.

திரை திரும்பினால் ஆண்ட்ராய்டு வழக்கமாக அந்த ஆக்டிவிட்டியை, அதாவது செயலியின் அந்தத் திரையை, அழித்துவிட்டு, புது அகலத்துக்கு ஏற்றபடி மறுபடி உருவாக்கும். நான் வட்டத்தை புரோகிரஸ் டயலாகிலும் (காத்திருக்கச் சொல்லும் பெட்டி), அனுப்பும் வேலையை ஏசிங்க் டாஸ்க்கிலும் (பின்னணியில் வேலை செய்யும் பழைய கருவி) வைத்திருந்தேன். பழைய திரையோடு வட்டமும் போனது. வேலை மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. முன்னதை 2017-இல் ஆண்ட்ராய்டு 8-லும், பின்னதை 2020-இல் ஆண்ட்ராய்டு 11-லும் கூகுள் கைவிடச் சொல்லிவிட்டது. பழைய நிரலில் இரண்டும் இன்னும் கிடக்கின்றன, தேடிப் பாருங்கள்.

என் மேசையில் இது ஏன் தெரியவில்லை? வைஃபையில் அரை நொடியில் பதில் வந்துவிடும், அதற்குள் யார் திருப்பப் போகிறார்கள்? மலைச்சரிவில் சிக்னல் போய்ப் போய் வரும். வட்டம் 20 நொடிகூடச் சுற்றும்.

'திரையைத் திரும்பாமல் பூட்டிவிடு' என்பார்கள். ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காக வைத்து எழுதும் செயலிகளில், குறுகிய பக்கமே 600 டிபி (ஆண்ட்ராய்டு திரையை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் உள்ள பெரிய திரைகள் வழக்கமாக அந்தப் பூட்டை மதிப்பதில்லை. டேப்லெட்டுக்கு எழுதுகிறவர்கள் அதை நம்பி உட்காரக் கூடாது.

வட்டம் வேலைக்குச் சொந்தம், திரைக்கு அல்ல. 'அனுப்பிக்கொண்டிருக்கிறேன்' என்ற நிலையை, திரைக்கு வெளியே தகவலை வைத்திருக்கும் வியூமாடலில் வையுங்கள். திரை திரும்பினாலும் அது பிழைத்திருக்கும்; புதுத் திரை அதைப் பார்த்து வட்டத்தைக் காட்டும், பொத்தானையும் முடக்கும். ஆனால் நினைவகம் போதாமல் செயலியையே ஆண்ட்ராய்டு மூடினால் வியூமாடலும் போய்விடும். அதனால் எடையை முதலில் டேப்லெட்டிலேயே ரூம் என்ற தரவுத்தளத்தில் எழுதி, அனுப்புவதை, செயலி மூடினாலும் வேலையை மறக்காத வொர்க்மேனேஜரிடம் விடுகிறேன். அப்புறம், ஒவ்வொரு எடைக்கும் டேப்லெட்டிலேயே ஒரு தனி எண். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாகப் பதியாது. இது முதல் நாளே இருந்திருந்தால் வட்டம் மறைந்தும் அக்காவின் கணக்கு கெட்டிருக்காது.

சோதிக்கும்போது எமுலேட்டரில் (கணினிக்குள் ஓடும் போலி டேப்லெட்) நெட்வொர்க் வேகத்தைக் குறைத்து, 'அனுப்பு' தட்டியதும் திருப்புங்கள். டெவலப்பர் ஆப்ஷனில் 'ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே' (விட்டு வெளியேறியதும் திரையை அழித்துவிடும்) என்ற அமைப்பையும் போட்டுப் பாருங்கள்.

திருத்திய செயலியோடு மறுபடி அந்த நிலையத்துக்குப் போனேன். திருப்பிய பிறகும் வட்டம் சுற்றியது. அக்கா அதையே பார்த்துவிட்டு, "சுத்துதே, ஏறிடுச்சா இல்லையா?" என்று கேட்டார். அன்று இரவே வட்டத்தின் பக்கத்தில் பெரிய எழுத்தில் சேர்த்தேன்: '38 கிலோ. பதிந்தாயிற்று, அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.'