அரை மோட்டார் ஓடாது: கலப்பு இயக்கங்களின் முன்கணிப்புக் கட்டுப்பாடு

மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் இடைவிடாமல் ஏறி இறங்குகிறது. அதை நிரப்பும் மோட்டாருக்கோ ஓடுவது, நிற்பது என்று இரண்டே நிலைகள்தான். தொடர்ந்து மாறும் அளவுகளும் தாவித் தாவி மாறும் நிலைகளும் இப்படிப் பின்னிக் கிடப்பவற்றைக் கலப்பு இயக்க அமைப்புகள் என்பர். கியர் மாற்றி ஓட்டும் வாகனமும் இதே இனம்.

அடுத்த 24 மணி நேரத்தின் தண்ணீர்த் தேவையையும் மின்கட்டண ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் கொண்டு முழுத் திட்டம் ஒன்றை வகுத்து, அதில் முதல் மணிக்குரிய முடிவை மட்டும் செயல்படுத்திவிட்டு, அடுத்த மணியில் நீர்மட்டத்தை அளந்து மீண்டும் புதிதாகத் திட்டமிடுவதே முன்கணிப்புக் கட்டுப்பாடு. 1970களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இது வேரூன்றியபோது, வால்வை வேண்டிய அளவுக்குத் திறக்க முடிந்ததால் கணக்கு எளிதாக இருந்தது. மோட்டாரிடம் அந்த வசதி இல்லை. மணிதோறும் 0.4 மோட்டார் ஓடட்டும் என்று விடை வந்தால், அதைப் பக்கத்து முழு எண்ணாக்கும்போது எல்லா மணியும் பூஜ்யமாகித் தொட்டி வற்றிவிடும். எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்கலாமென்றால், மணிக்கு இரண்டு நிலை வீதம் 24 மணிக்கு ஒரே மோட்டாருக்கு 1,67,77,216 திட்டங்கள் உண்டு. மூன்று மோட்டார்களுக்கு அது 22 இலக்க எண்.

கட்டுப்பாட்டுப் பொறியியல் ஆய்வாளர்களான ஆல்பெர்ட்டோ பெம்போராடும் மன்ஃப்ரெட் மொராரியும் 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, "இப்படியானால் இதைச் செய்" என்னும் தர்க்க விதிகளைச் சமனின்மைகளாக மாற்றி, இயக்கச் சமன்பாடுகளோடு ஒரே கணக்கில் சேர்க்கும் முறையை வகுத்துத் தந்தது. 5 மீட்டர் உயரத் தொட்டியில் நீர் 4.5 மீட்டரைத் தாண்டினால் மோட்டார் ஓடக்கூடாது என்னும் விதியை இப்படி எழுதலாம்:

நீர்மட்டம் ≤ 4.5 + பெ × (1 − சு)

ஓடும்போது சு = 1; அப்போது வரம்பு 4.5 மீட்டர். நிற்கும்போது சு = 0; வரம்பு தளர்ந்துவிடும். 'பெ' போதிய அளவு பெரிய எண்ணாக இருந்தால் போதும் என்று பாடநூல்கள் சொல்லிவிட்டுப் போய்விடும். நடைமுறையில் கணக்கின் வேகத்தைப் பெருமளவு தீர்மானிப்பது அந்த எண்தான். காரணம், இக்கணக்கைத் தீர்க்கும் 'கிளைத்து வரம்பிடும்' முறை, முதலில் சு 0க்கும் 1க்கும் இடையே எந்தப் பின்னமாகவும் இருக்கலாம் என்று தளர்த்திச் செலவின் கீழ்வரம்பைக் காண்கிறது. பிறகு ஒரு மணியை ஓட்டம், நிறுத்தம் என்று இரு கிளைகளாகப் பிரிக்கிறது. ஏற்கெனவே கையிலுள்ள திட்டத்தைவிடக் கீழ்வரம்பே அதிகமாக உள்ள கிளையை உள்ளே இறங்கிப் பார்க்காமலே வெட்டிவிடுகிறது. தொட்டி 5 மீட்டர் நிரம்பிய நிலையில், பெ = 1000 என்றால் சு 0.9995 வரை இருக்கலாம்; அதாவது விதி இருந்தும் இல்லாததுபோல் ஆகி, கீழ்வரம்பு தாழ்ந்து, வெட்ட வேண்டிய கிளைகள் தப்பிவிடும். பெ = 0.5 என்றால் சு பூஜ்யத்தைத் தாண்ட முடியாது.

ஒதுக்கிய நேரத்துக்குள் தேடல் முடியாவிட்டாலும், அதுவரை கிடைத்த சிறந்த திட்டத்துக்கும் கீழ்வரம்புக்கும் உள்ள இடைவெளி, அத்திட்டத்தால் அதிகபட்சம் எவ்வளவு கூடுதல் செலவாகும் என்பதைச் சொல்லிவிடும். ஒரு மணி அவகாசமுள்ள தண்ணீர்த் தொட்டிக்கு இது தாராளம். மின்சாரத்தை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும், நொடிக்குப் பல்லாயிரம் முறை சுவிட்ச் மாறும் மின் கன்வெர்ட்டர்களில் இதற்கெல்லாம் நேரமில்லாததால், விடைகளை முன்கூட்டியே கணித்து அட்டவணையாகச் சேமித்து வைக்கும் வழியையும் நாடுகின்றனர்.