சுடாத துப்பாக்கி புதிய துப்பாக்கி அல்ல

"ஒரு தோட்டாகூடச் சுடாதது, பெட்டியோடு அப்படியே இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு யாராவது ஒரு பழைய கார்பைனை, அதாவது குழல் குட்டையான ரைஃபிளை, என் மேசைமேல் வைத்தால், இப்போதெல்லாம் எனக்குக் கவலைதான் வருகிறது. டெக்சாஸில் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். இங்கே குடியேறிய நம்மவர்களில் பலர் துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு, கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும், உற்பத்தி நின்றுபோன பழைய கார்பைன்கள்மேல் தனி மோகம். அந்த மோகம் எனக்கும் உண்டு. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் சுடாமல் வைத்திருந்தது புதிதுக்குச் சமம் என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் என்னிடம் பிளந்த கட்டைகளையும் (தோளில் ஊன்றும் மரப்பகுதி) நொறுங்கிய பாகங்களையும் கொண்டுவந்து சேர்க்கிறது. கடந்த மாதம் மறுபடியும் ஒன்று வந்தது. இனியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அவற்றின் ஈர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கைத்துப்பாக்கித் தோட்டாவை நீள்குழல் துப்பாக்கியில் சுடுவது மிகப் பழைய வழக்கம். வின்செஸ்டர் 1873 மாடல் .44-40 தோட்டாவோடு வந்தது. சில ஆண்டுகளிலேயே கோல்ட் நிறுவனம் அதே தோட்டாவைச் சுடும் ரிவால்வரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இடுப்பில் இருப்பதற்கும் சேணத்தில் இருப்பதற்கும் ஒரே தோட்டா போதும் என்ற வசதியை மேற்கு மாநிலங்களின் பண்ணையாட்கள் விரும்பினார்கள். நூறு ஆண்டுகள் கழித்து அதே வசதியை மார்லின் நிறுவனம் அரைத் தானியங்கித் துப்பாக்கியில் கொடுத்தது. 1985-இல் 9 மி.மீ. கேம்ப் கார்பைன் வந்தது, அடுத்த ஆண்டு .45 கேம்ப் கார்பைன். முதலாவது ஸ்மித் அண்ட் வெஸனின் 59 வரிசைப் பிஸ்டல்களின் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) ஏற்கும். இரண்டாவது 1911 பிஸ்டலின் மேகசினை ஏற்கும். பதினாறரை அங்குலக் குழல், மரக்கட்டை, பார்ப்பதற்குச் சாதாரணப் பண்ணைத் துப்பாக்கியின் தோற்றம். 1999-இல் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். ரூகர் நிறுவனம் தன் பி வரிசைப் பிஸ்டல்களின் மேகசினை ஏற்கும் பி.சி.9, பி.சி.4 கார்பைன்களைக் காவல்துறையை மனத்தில் வைத்து 1990-களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. பத்தாண்டு அளவில் அவையும் நின்றுபோயின.

சுட்டுப் பார்த்தவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும். தோள்பட்டையில் ஊன்றிச் சுடுவதால் கை நடுங்குபவர்கூடக் குறி தவறாமல் சுடலாம். உதைப்பு குறைவு. பெரிய ரைஃபிள் தோட்டாவோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு. நீண்ட குழலால் 9 மி.மீ. குண்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கும்; .44 மேக்னத்துக்கு நல்ல ஆதாயம்; .45-க்குப் பெரிய லாபமில்லை. இவற்றை வாங்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கார்பைன்களில் பெரும்பாலானவை பிளோபேக் வகை. சாதாரண ரைஃபிளில் தோட்டா வெடிக்கும் கணத்தில் போல்ட், அதாவது குழலின் பின்வாயை மூடும் இரும்புத் துண்டு, குழலோடு பூட்டிக்கொண்டிருக்கும். இவற்றில் எந்தப் பூட்டும் கிடையாது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கின் அழுத்தமும்தான், குண்டு குழலைவிட்டு வெளியேறி அழுத்தம் இறங்கும்வரை தோட்டா உறையைக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் பிடித்து வைத்திருக்கின்றன. அதன்பிறகு அந்தக் கனமான போல்ட் முழு வேகத்தோடு பின்னால் வருகிறது. அதை யார் நிறுத்துவது? கேம்ப் கார்பைனில் ரிசீவரின் (போல்ட் ஓடும் கூடு) பின்பக்கம் இருக்கும் ஒரு சிறிய பிளாஸ்டிக் பஃபர். அவ்வளவுதான். அது இருக்கும்வரை அடி அதில் விழும். அது உடைந்த நாளிலிருந்து அடி இரும்புக்கும், இரும்பிலிருந்து கட்டைக்கும் போகும். ரிசீவருக்குப் பின்னால் மரம் மெலிந்திருக்கும் இடத்தில் விரிசல் விழும்.

இந்தப் பஃபர் சுட்டதால் மட்டும் தேய்வதில்லை. இதைத்தான் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்தப் பிளாஸ்டிக் வயதால் கெடுகிறது. எண்ணெய் பட்டாலும் கெடும், வெப்பத்தாலும் கெடும், ஒன்றும் படாமல் பெட்டிக்குள் கிடந்தாலும் கெடும். துப்பாக்கி ஆயிரம் முறை சுட்டதா, ஒரு முறைகூடச் சுடவில்லையா என்பது பஃபருக்குத் தெரியாது. எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது மட்டும்தான் கணக்கு. 1987-இல் செய்த பஃபருக்கு இன்று நாற்பது வயது நெருங்குகிறது. புத்தம்புதிதாகப் பளபளக்கும் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே இருக்கும் பஃபரை விரல் நகத்தால் அழுத்தினால் பழைய ரஸ்க் மாதிரி உதிர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சொல்லப்போனால், அவ்வப்போது சுட்டுப் பராமரிக்கப்பட்ட துப்பாக்கியின் நிலை பெரும்பாலும் மேல். அதன் உரிமையாளர் எப்போதோ பஃபரை மாற்றியிருப்பார். சுடாமல் பூட்டி வைத்தவரிடம்தான் தொழிற்சாலையில் போட்ட அதே பஃபர், அதே ஸ்பிரிங் இருக்கும். ஆகவே "சுடாதது" என்று விற்பவர் சொன்னால் அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதற்குமுன், மாற்ற வேண்டிய எதுவும் இன்னும் மாற்றப்படவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலை ஸ்பிரிங்கும் கேம்ப் கார்பைனில் கொஞ்சம் மென்மையானது என்பது தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. கூடுதல் வலுவுள்ள மாற்று ஸ்பிரிங்கை உல்ஃப் போன்ற ஸ்பிரிங் தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள், விலை சொற்பம். பஃபருக்கும் வெளியார் செய்த மாற்றுப்பாகம் கிடைக்கிறது.

போன மாதம் வந்தது ஒரு .45 கேம்ப் கார்பைன். இளைஞர் ஒருவர் துப்பாக்கிக் கண்காட்சியில் நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தார். பெட்டி இருந்தது, கையேடு இருந்தது, விலைச்சீட்டுகூட இருந்தது. நேராகச் சுடுதளத்துக்குப் போய் முதல் பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடிப்பதற்குள் கட்டையின் பின்பகுதியில் விரிசல் ஓடிவிட்டது. "அண்ணா, .45 அழுத்தம் குறைந்த தோட்டாதானே? 9 மி.மீ.தானே அதிகம்?" என்று கேட்டார். அழுத்தம் குறைவு என்பது உண்மை. .45 ஏ.சி.பி.-க்குச் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு உச்சவரம்பு, 9 மி.மீ.-க்கு 35,000. ஆனால் பிளோபேக்கில் போல்ட் எவ்வளவு வேகமாகப் பின்னால் வரும் என்பதைக் குண்டின் உந்தம்தான் தீர்மானிக்கிறது. வழக்கமான .45 குண்டு 230 கிரெய்ன், வழக்கமான 9 மி.மீ. குண்டு 115 கிரெய்ன். எடை சரியாக இருமடங்கு. வேகம் குறைவாக இருந்தாலும் மொத்தத்தில் .45-தான் போல்ட்டைப் பலமாக உதைத்துத் தள்ளும். கட்டை பிளப்பதில் .45 கேம்ப் கார்பைன் முன்னால் நிற்பதற்குக் காரணம் இதுதான். இதில் தயாரித்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. எந்தப் பிளாஸ்டிக்கும் இத்தனை ஆண்டு தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கண்காட்சியில் அதைத் திறந்துகூடக் காட்டாமல் விற்றவர்மேல்தான் கோபம்.

தோட்டா விஷயத்திலும் இதே அலட்சியம். கட்டை நீளம், இரும்பு கனம், ஆகவே எதையும் தாங்கும் என்று நினைத்துப் பிளஸ் பி எனப்படும் கூடுதல் அழுத்தத் தோட்டாக்களைப் போடுகிறார்கள். 9 மி.மீ. பிளஸ் பி-யின் வரம்பு 38,500. எண்ணில் பார்த்தால் சிறிய வித்தியாசம்தான். பூட்டு இல்லாத போல்ட்டுக்குப் பின்னால் தளர்ந்த ஸ்பிரிங் இருக்கும்போது, அழுத்தம் இறங்குவதற்குமுன்பே உறை வெளியே வரத் தொடங்கும். அறைச் சுவரின் தாங்கல் இல்லாத இடத்தில் உறை கிழிந்தால் சூடான வாயுவும் பித்தளைத் துணுக்குகளும் மேகசின் வழியாகவும் பக்கவாட்டிலும் வெளியே வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் சுடாதீர்கள். காதுக்கவசமும் அப்படித்தான், கைத்துப்பாக்கித் தோட்டா என்பதால் காது பிழைத்துக்கொள்ளாது.

எல்லாக் கார்பைனும் ஒரே வகை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1961 முதல் 1985 வரை ரூகர் செய்த .44 மேக்னம் கார்பைன் வாயுவால் இயங்குவது. அதில் போல்ட் பூட்டிக்கொள்ளும். அழகான துப்பாக்கி, அடர்ந்த காட்டில் மான் வேட்டைக்கென்றே செய்தது. ஆனால் அதில் செப்பு உறை போர்த்தாத ஈயக் குண்டுகளைச் சுடக் கூடாது. வாயுத் துளையில் ஈயம் படிந்து அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு. மலிவாகக் கிடைக்கிறது என்று ஈயக் குண்டை வாங்கிச் சுட்டுவிட்டு என்னிடம் கொண்டுவராதீர்கள். அந்த மாடலுக்குப் பாகம் தேடுவதற்கு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

பாகங்கள்தான் அடுத்த தலைவலி. மார்லினை ரெமிங்டன் 2007-இல் வாங்கியது. கனெக்டிகட்டின் நார்த் ஹேவனில் இருந்த பழைய தொழிற்சாலை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 2020-இல் ரெமிங்டன் திவாலானபோது மார்லின் பெயரை ரூகர் வாங்கியது. இத்தனை கை மாறிய பிறகு 1999-இல் நின்ற ஒரு மாடலின் எக்ஸ்ட்ராக்டரை (சுட்ட உறையை இழுத்தெடுக்கும் கொக்கி) எந்த அலமாரியில் தேடுவது? ஒரு துப்பாக்கியைக் கழற்றித்தான் இன்னொன்றுக்குப் பாகம் எடுக்க வேண்டியிருக்கிறது. பழைய ரூகர் பி.சி.9-இன் நிலை வேறு விதம்: துப்பாக்கி உறுதியானது, ஆனால் அதற்கு மேகசின் கொடுக்கும் பி வரிசைப் பிஸ்டல்களின் உற்பத்தியே 2013-இல் முடிந்துவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் அசல் மேகசின்களைக் கண்டால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அசல் என்ற பெயரில் வரும் மலிவு மேகசின்களால் தோட்டா சிக்குவதுதான் நான் பார்க்கும் பழுதுகளில் பாதி. துப்பாக்கியைப் பிரிக்காமலேயே, மேகசினை மாற்றி அனுப்பிவிடுவேன்.

சுடுதளத்தில் வாரம்தோறும் சுட வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், 2017-இன் இறுதியில் ரூகர் அறிமுகப்படுத்திய புதிய பி.சி. கார்பைனை வாங்குங்கள். குளோக் மேகசினும் அதில் பொருந்தும், பாகமும் கிடைக்கும். பழையதை அதன் அழகுக்காக வாங்குகிறீர்கள் என்றால், அப்படியென்று தெரிந்து வாங்குங்கள்.

முந்தைய உரிமையாளர் கைவைத்த துப்பாக்கிகள் என்னை இன்னும் பயமுறுத்துகின்றன. கேம்ப் கார்பைனில் மேகசினை எடுத்துவிட்டால் சுடாதபடி ஒரு பாதுகாப்பு அமைப்பு உண்டு. தொந்தரவாக இருக்கிறது என்று பலர் அதைக் கழற்றிவிட்டிருப்பார்கள். மேகசின் இல்லை, எனவே சுடாது என்று நம்பி விசையை அழுத்தாதீர்கள். எப்போதும் முதலில் மேகசினை எடுங்கள், பிறகு போல்ட்டை இழுத்துப் பிடியுங்கள், அறையைக் கண்ணால் பாருங்கள், விரலால் தொட்டும் பாருங்கள். விசை ஸ்பிரிங்கை வெட்டி இலகுவாக்கிய துப்பாக்கி ஒரே அழுத்தலில் இரண்டு முறை சுடலாம். ஆகவே புதிதாகக் கைக்கு வந்த பழைய கார்பைனில் முதலில் ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடுங்கள். பிறகு இரண்டு. அதற்குப் பிறகுதான் மேகசினை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் கீழே விழுந்த உறையை எடுத்துப் பாருங்கள்; அடிப்பக்கம் புடைத்திருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

சட்டத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள். அமெரிக்க மத்தியச் சட்டப்படி ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. குறைந்தால் அது 1934-ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவில்லாமல் வைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை. பதினாறரை அங்குலக் குழலில் வெட்டுவதற்கு அரை அங்குலம்தான் மிச்சம் இருக்கிறது. குழல் முனையில் யாரோ வேலை செய்திருப்பதாகத் தெரிந்தால் போல்ட்டை மூடி, முனையிலிருந்து போல்ட் முகம்வரை ஒரு குச்சியை விட்டு அளந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். "நான் வெட்டவில்லை, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது, நம்மவர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ மத்தியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. பச்சை அட்டை வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பரின் துப்பாக்கிதானே, கொஞ்ச நாள் என் வீட்டில் இருக்கட்டும் என்று வாங்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும். வைத்திருப்பதே குற்றம், யாருடையது என்பது பிறகு வரும் கேள்வி. விசா நிலையில் சிறு சந்தேகம் இருந்தாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் தொடவே தொடாதீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதிகளும் மாறும்; டெக்சாஸில் வாங்கியதைக் காரில் போட்டுக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குக் குடிபோகிறவர்கள் கிளம்புவதற்குமுன் அங்குள்ள சட்டத்தைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏற்கெனவே கேம்ப் கார்பைன் ஒன்று உங்கள் அலமாரியில் இருந்தால், அடுத்த முறை சுடுதளத்துக்கு எடுத்துப் போவதற்குமுன் கட்டையிலிருந்து பிரித்துப் பஃபரைப் பாருங்கள். அசல் பஃபர் என்றால் நல்ல நிலையில் இருப்பதாகத் தோன்றினாலும் மாற்றுங்கள். கூடவே ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள். பிரிக்கத் தெரியாதவர்கள் உங்கள் ஊரில் இருக்கும் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்; சிறிது நேர வேலைதான். பிளந்த கட்டைக்கு மாற்றுக் கட்டை தேடுவதற்கு மாதக்கணக்கு ஆகும்.