வால்வு ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் வீட்டில் சார்பிட்ரேட் வேண்டாம் என்பது ஏன்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 73 வயது. அயோர்ட்டிக் வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தேதிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அவசரத்துக்கு, நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை வாங்கி வைக்கட்டுமா? அதுவரை வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?"

முதல் கேள்விக்குப் பதில்: அம்மாவின் இதய மருத்துவரே எழுதிக் கொடுத்தாலன்றி, வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது விளங்கினால் இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதி தானாகவே வந்துவிடும்.

இதயத்தின் இடது கீழறையிலிருந்து மகாதமனிக்கு ரத்தம் வெளியேறும் இடத்தில் இருப்பது அயோர்ட்டிக் வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடும். நல்ல நிலையில் அந்தத் திறப்பின் பரப்பு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர். முதுமையில் இதழ்களில் கால்சியம் படிந்து விறைத்துப் போகும். பரப்பு 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அது கடுமையான சுருக்கம். பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு இதழ்களோடு பிறந்தவர்களுக்கு இது பத்து, இருபது ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடும்.

கால்சியம் என்றதும் பாலையும் கேழ்வரகையும் நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. அதனால் பயனில்லை. தட்டில் இருக்கும் கால்சியம் நேரே போய் வால்வில் ஒட்டுவதில்லை. இதழுக்குள் இருக்கும் செல்களே எலும்பு உண்டாக்கும் செல்களைப்போல நடந்துகொள்ளத் தொடங்குவதுதான் கோளாறு. கொலஸ்ட்ரால் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் இதைத் தடுக்குமா என்று பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள், தடுக்கவில்லை. படிந்த சுண்ணாம்பைக் கரைக்க இன்றுவரை மருந்து இல்லை. கரைக்கிறேன் என்று லேகியம் விற்பவரிடம் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

அந்த எக்கோ ரிப்போர்ட்டில் ரத்தம் வால்வைக் கடக்கும் உச்ச வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று இருக்கும். அதை வர்க்கப்படுத்தி நாலால் பெருக்கினால் வால்வின் இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு, பாதரச மில்லிமீட்டரில், ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஆரோக்கியமான வால்வில் வேகம் 1 மீட்டரை ஒட்டி இருக்கும். வேறுபாடு வெறும் 4. வேகம் 4 மீட்டரானால் 64. 5 மீட்டரானால் 100. வேகம் கொஞ்சம் கூடினாலும் சுமை வெகுவாக ஏறுவது இந்த வர்க்கத்தால்தான்.

கையில் கட்டும் பி.பி. மெஷினுக்கு இது தெரியாது. அது வால்வுக்கு வெளியே உள்ள அழுத்தத்தை மட்டும் அளக்கிறது. மெஷின் 130 காட்டும் நேரத்தில் இதய அறைக்குள் 180க்கு மேல் இருக்கலாம். பல வருடமாக பி.பி. அதிகமாக இருந்தவருக்குத் திடீரென்று 110 என்று வந்தால் வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். இதயம் தளர்வதாலும் அப்படி இறங்கும். மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தி அது.

ஆண்டுக்கணக்கில் இந்தச் சுமையைத் தள்ளித் தள்ளிக் கீழறையின் சுவர் தடித்துவிடுகிறது. தடித்த சுவர் எளிதில் விரியாது. அதனால் அந்த அறை நிரம்புவதற்கே நல்ல வரத்து வேண்டும். வரத்து சற்றுக் குறைந்தால் வெளியே போகும் ரத்தம் சட்டென்று குறைகிறது. சற்றுக் கூடினால் நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் மிகக் குறுகல்.

இப்போது அந்த மாத்திரைக்கு வருவோம். சார்பிட்ரேட் என்று கடையில் கேட்டு வாங்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் சிரைகளைத் தளர்த்தும், தமனிகளையும் ஓரளவு தளர்த்தும். சிரைகள் தளர்ந்தால் ரத்தம் அங்கேயே தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறையும். தமனிகள் தளர்ந்தால் பி.பி. இறங்கும். வால்வு நன்றாக உள்ளவருக்கு இதயம் கூடுதலாக ரத்தம் தள்ளி இதைச் சரிக்கட்டும். சுருங்கிய வால்வு அதற்கு இடம்கொடுக்காது. பி.பி. இறங்கியதும் அடுத்த கண்ணி: இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்கள் பெரும்பாலும் இதயம் விரியும் நேரத்தில், மகாதமனியில் எஞ்சியிருக்கும் அழுத்தத்தால்தான் நிரம்புகின்றன. அந்த அழுத்தம் விழுந்தால் தடித்த, பசித்த தசைக்கு ரத்தம் போதாது. தசை தளரும், தள்ளும் ரத்தம் இன்னும் குறையும், பி.பி. இன்னும் விழும். சில நிமிடங்களில் மயக்கம், அதற்கு மேலும் போகலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இவ்வகை மருந்தை மருத்துவர்கள் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதுண்டு. வீட்டுச் சோபாவில் கொடுப்பது வேறு கதை. இதைப் படித்துவிட்டு, ஏற்கனவே எழுதிக் கொடுத்திருக்கும் பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

சார்பிட்ரேட் செய்யும் அதே வேலையை வேறு பலவும் சத்தமில்லாமல் செய்கின்றன. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. குளித்து எழும்போது கண் இருட்டும். வெதுவெதுப்பான நீரில், ஸ்டூலில் உட்கார்ந்து, கதவுக்குத் தாழ் போடாமல் குளிக்கட்டும். தரையோடு இருக்கும் கழிப்பறையில் குந்தி முக்குவதும், சட்டென்று எழுவதும் சேர்ந்து பி.பி.யைக் கீழே தள்ளும்; மேலே வைக்கும் கமோடு நாற்காலி ஒன்று வாங்குங்கள், மலச்சிக்கலுக்கு மருந்து கேளுங்கள். அப்பாக்களுக்கு புராஸ்டேட்டுக்காகக் கொடுக்கும் டாம்சுலோசின் மாத்திரையும் எழுந்து நிற்கும்போது பி.பி.யை இறக்கக்கூடியது. அது இதய மருத்துவருக்குத் தெரியுமா என்று உறுதிசெய்யுங்கள். ஏகாதசி, சஷ்டி, ரமலான் என்று தண்ணீர்கூட இல்லாத நோன்பு இந்த வாரங்களில் வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்து, சிறுநீர் போக்கும் மாத்திரையும் தொடர்ந்து உள்ளே போனால் ஒரே நாளில் ஆள் சரிந்துவிடுவார். இரண்டாவது முறை போனதுமே மருத்துவமனைக்கு போன் செய்யுங்கள். இன்னொன்று: முழு உடல் பரிசோதனை பேக்கேஜில் டிரெட்மில் டெஸ்ட் சேர்ந்திருக்கும். அறிகுறிகளோடு கடுமையான வால்வுச் சுருக்கம் உள்ளவரை அதில் ஓடவிடக் கூடாது.

மயங்கி விழுந்தால் மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108க்கு அழையுங்கள். பேச்சும் மூச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். மூச்சுத்திணறல் என்றால் இதற்கு நேர்மாறு: படுக்கவைக்காமல் கால்களைத் தொங்கவிட்டு உட்காரவையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவரிடம் முதல் வாக்கியமாக "அயோர்ட்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கிறது" என்று சொல்லுங்கள். எக்கோ ரிப்போர்ட்டின் நகல் ஒன்று பீரோவில் பூட்டிக் கிடக்காமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தினமும் காலையில் கழிப்பறை போய்வந்து, சாப்பிடும் முன், ஒரே எடை மெஷினில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, நீர். ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்பதும் ஓர் அளவுகோல்தான்; ஒன்று இரண்டானால் குறித்து வையுங்கள். பி.பி. மெஷினில் ஒழுங்கற்ற துடிப்புக்கான குறி புதிதாக வந்தால் அன்றே சொல்ல வேண்டும். விறைத்த கீழறை நிரம்புவதில் மேலறையின் கடைசித் தள்ளலுக்குப் பெரிய பங்கு உண்டு. மேலறை ஒழுங்கிழந்து நடுங்க ஆரம்பித்தால் அந்தத் தள்ளல் போய்விடும்.

இனி, இந்த நோயில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. வால்வு சுருங்கிய முதியவர்கள் சிலருக்குக் குடலில் ரத்தம் கசிகிறது. இதயத்துக்கும் பெருங்குடலுக்கும் என்ன சம்பந்தம்? 1958இல் எட்வர்ட் ஹெய்டி என்ற அமெரிக்க மருத்துவர், இவை இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதைக் கவனித்து ஒரு மருத்துவ இதழுக்குச் சின்னக் கடிதம் எழுதினார். காரணம் தெளிவாகப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

நம் ரத்தத்தில் வான் வில்லிபிராண்ட் என்றொரு புரதம் ஓடுகிறது. ஒரே மாதிரியான கண்ணிகள் பல கோத்த மிக நீளமான சங்கிலி. சாதாரண ஓட்டத்தில் அது நூல்கண்டுபோலச் சுருண்டு கிடக்கும். யாரையும் தொந்தரவு செய்யாது. குழாய் ஒன்று கிழிந்து, ரத்தம் வேகமாக உராய்ந்து ஓடும் இடத்தில் மட்டும் அந்த இழுவையால் கண்டு பிரிந்து நீள்கிறது. நீண்டதும் மறைந்திருந்த பிடிகள் வெளியே வந்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஓட்டத்திலேயே பிடித்து நிறுத்துகின்றன. வேகம் என்கிற பௌதிக அளவையே ஆபத்தின் அறிகுறியாகப் படிக்கும் மூலக்கூறு! ஆனால் நீண்ட சங்கிலி அளவுக்கு மீறினால் தேவையில்லாத இடத்தில் ரத்தம் உறையும். ஆகவே அதை நறுக்க ஆடம்ட்ஸ்-13 என்ற நொதியும் கூடவே ஓடுகிறது. அந்த நொதி வெட்டவேண்டிய இடம் சுருளுக்குள் ஒளிந்திருக்கிறது. சங்கிலி நீளும்போதுதான் கத்திக்கு எட்டும்.

இந்த ஏற்பாட்டை 4, 5 மீட்டர் வேகத்தில் ரத்தம் பீறிடும் வால்வின் வழியே அனுப்பிப் பாருங்கள். காயமே இல்லாமல் ஒவ்வொரு துடிப்பிலும் சங்கிலிகள் இழுபட்டு நீள்கின்றன, நொதி நறுக்குகிறது. தட்டணுவைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்களான நீண்ட சங்கிலிகள்தான் முதலில் அழிகின்றன. குடல் சுவரில் வயதால் வரும் மெல்லிய ரத்தக்குழாய் முடிச்சுகள் கசிந்தால் அடைக்க ஆளில்லை. கசியும் இடத்தை மட்டும் சுட்டோ வெட்டியோ சரிசெய்தால் ரத்தம் திரும்பவும் வேறிடத்தில் கசியலாம். வால்வை மாற்றினால், ஆபரேஷனுக்கு மறுநாளே நீண்ட சங்கிலிகள் ரத்தத்தில் மறுபடி தென்படுகின்றன. இதயத்தில் செய்த வேலை குடலைக் குணப்படுத்துகிறது.

வீட்டில் இதற்கு என்ன செய்வது? ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே வந்தால் "வயசாச்சு, சாப்பிடறதில்ல" என்று விட்டுவிடாதீர்கள். ரத்தம் நீர்த்தால் அதே ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க அதே குறுகிய வால்வு வழியே அதிக ரத்தம் தள்ள வேண்டியிருக்கும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் தார்போல ஒட்டி, வழக்கத்துக்கு மாறான நாற்றத்தோடு போனால் அது ரத்தம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் போன்றவற்றைக் கடையில் வாங்கிப் போடவே கூடாது. கசிவையும் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும், நீரையும் தேக்கும்.

தேதி நெருங்கும் முன் பல் மருத்துவரிடம் ஒரு தடவை போய்வாருங்கள். ஈறில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் குடியேறினால் அதை விரட்டுவது மிகக் கடினம். பிடுங்கவேண்டிய பல்லை ஆபரேஷனுக்கு இரண்டு வாரமாவது முன்னால் பிடுங்கி ஆறவிட வேண்டும். வால்வு விஷயத்தைப் பல் மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். எந்த மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை எழுதி வாங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெல் வழக்கமாக 5 நாள் முன்பு. சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை 3 நாள் முன்பு. பின்னதை மறந்துவிடுவார்கள். சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேர்க்கக்கூடிய மாத்திரை அது.

தேதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆடி மாதம், அஷ்டமி, சந்திராஷ்டமம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். 1968இல் அமெரிக்க இதய மருத்துவர்கள் ஜான் ராஸும் யூஜீன் பிரான்வால்டும் வெளியிட்டது: வால்வை மாற்றாமல் விட்டால் நெஞ்சுவலி தொடங்கியபின் சராசரி ஆயுள் 5 ஆண்டு, மயக்கம் தொடங்கியபின் 3, இதயச் செயலிழப்பு தொடங்கியபின் 2. மருத்துவமனை கொடுத்த இடத்தை ஜோசியருக்காக விட்டுவிட்டால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று பஞ்சாங்கத்தில் இருக்காது.

நெஞ்சைத் திறக்காமல் தொடையின் ரத்தக்குழாய் வழியே வால்வைச் செலுத்தும் டாவி முறை, பிரான்சின் ரூவான் நகரில் மருத்துவர் அலென் கிரிபியே 2002 ஏப்ரலில் முதலில் செய்தது. யாருக்கு அது, யாருக்குத் திறந்த ஆபரேஷன் என்பதை சி.டி. ஸ்கேனும் வயதும் முடிவுசெய்யும். கட்டணம் பல குடும்பங்களுக்கு எட்டாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தானின் குழு, முந்தைய வடிவங்கள் தோற்றபின்னும் விடாமல் முயன்று, 1990 டிசம்பரில் இந்தியாவிலேயே உருவாக்கிய முதல் செயற்கை வால்வை ஒருவருக்குப் பொருத்தியது. அதன் பிறகே இங்கே சாமானியர் கைக்கெட்டும் விலையில் வால்வு வந்தது. தோல்விகளைத் தாங்கிப் பத்தாண்டுக்கும் மேல் பணம் கொடுக்கும் பொறுமை அரசுக்கு இருந்தால், டாவிக்கும் அப்படியொன்று நடக்கும் என்றே நினைக்கிறேன்.

திறந்த ஆபரேஷன் என்றால் வீட்டில் இரண்டு பயிற்சிகளை இப்போதே தொடங்கலாம். மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் மூச்சுப்பயிற்சிக் கருவியை வாங்கியதும் எல்லாரும் ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு. நிமிர்ந்து உட்கார்ந்து, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுத்து, ஏறிய பந்தை இரண்டு மூன்று வினாடி மேலேயே நிறுத்த வேண்டும். மூன்றாவது பந்து ஏறியே தீர வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம்; தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. மார்பெலும்பைக் கம்பியால் கட்டியபின் ஏறக்குறைய மூன்று மாதம் கையை ஊன்றி எழக் கூடாது என்பார்கள். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலுக்கு நேரே வரும்படி முன்சாய்ந்து தொடையின் பலத்தால் எழ வேண்டும். மெதுவாக, நான்கைந்து தடவை போதும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு பிடித்தாலோ அன்றைக்கு அதோடு சரி. தாழ்ந்த சோபாவில் இது வராது. சாப்பாட்டு மேசை நாற்காலியைப் போடுங்கள், பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள்.